அறிவித்தல் போடுமுன் ஒருதடவை வாசியுங்கள்

உறவுகளே, வணக்கம்.

நேற்றுக் குழுவில் வந்த மரண அறிவித்தலில் 'ஆள்ந்த அனுதாபம்', 'இருதிக் கிரியை', அப்புறம் ஊர்ப் பெயரே 'மட்டகளப்பு'. துக்க வீட்டாரும் இதை வாசிக்கிறார்கள். கல்லடிப் பக்கம் ஒரு கடைப் பலகையில் 'குளிர்பாணம்' என்றிருக்கிறது. பாணம் என்றால் அம்பு, குடிக்கிற சாமானில்லை. சரி, கடைக்காரர் பாடு அது. நம் குழுவையாவது பார்ப்போம்.

அவசரத்தில் ஒரு புள்ளி விடுபட்டால் யாரும் கோபிக்கப்போவதில்லை. ஆனால் பெயர், ஊர், நேரம் பிழைக்கக் கூடாது. போன் காட்டும் முதல் சொல்லை அப்படியே தட்டிவிடாதீர்கள், 'அறை' 'அரை' ஆகிவிடும். சந்தேகமென்றால் குழுவிலுள்ள ஆசிரியர்மாரிடம் தனியாகக் கேளுங்கள். பிழை கண்டவர்களும் போட்டவருக்குத் தனியாகவே சொல்லுங்கள். இங்கே வைத்துக் கேலி வேண்டாம்.

– குழு நிர்வாகம்