முகப்பு மீட்டர் காட்டாத 31ஆம் செல்

பராமரிப்புப் பணிகளுக்கு ஒப்புதல் தரும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். பெரிய பேட்டரிகளில் பழுதான செல்களைக் கழற்றி மாற்றுவது என் வேலை. “வோல்டேஜ் சரியாகத்தானே இருக்கிறது, செல்லை ஏன் மாற்ற வேண்டும்?” என்று எங்கள் விண்ணப்பத்தின் ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். அதற்குத்தான் இந்த மடல்.

110 வோல்ட் ஈய அமில பேட்டரியில் 55 செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. செல்லுக்கு 2.23 வோல்ட் வீதம் சார்ஜர் 122.65 வோல்ட்டைப் பிடித்து வைக்கிறது. முகப்பு மீட்டரில் நீங்கள் பார்க்கும் எண் அதுதான். அது சார்ஜரின் நலத்தைச் சொல்கிறது. பேட்டரியைப் பற்றி வாயே திறப்பதில்லை. 31ஆம் செல் 2.05 காட்டியது. மற்ற 54 செல்களும் தலைக்கு மூன்று மில்லிவோல்ட் கூடுதலாகச் சுமந்து கணக்கை நேர்செய்துவிட்டன. சுமை கொடுத்துச் சோதித்தோம். இருபதாவது நிமிடத்தில் அந்தச் செல்லின் மேல் வைத்த மல்டிமீட்டரில் கழித்தல் குறி வந்தது. துருவமே தலைகீழ்! டார்ச் அடித்துப் பார்த்தால், உதிர்ந்த வண்டல் தகடுகளின் அடிவிளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

“அந்தச் செல்லை விலக்கி, கேபிள் போட்டு ஓட்டுங்கள்” என்கிறீர்கள். தற்காலிகமாகச் செய்யலாம். ஆனால் அதற்கேற்ப சார்ஜரையும் குறைக்க வேண்டும். இப்படியே மூன்று செல்களை விலக்கிவிட்டு சார்ஜரைத் தொடாமல் விட்டால், மிஞ்சிய 52 செல்களுக்கும் தலா 2.36 வோல்ட் போகும். தண்ணீர் வற்றும், நேர்முனைத் தகடுகள் அரிக்கும். ஒன்றைக் காப்பாற்றப் போய் எல்லாவற்றையும் இழப்போம்.

கிடங்கில் கிடக்கும் ஏதோ ஒரு செல்லும் உதவாது. அதே வகை, அதே கொள்ளளவு வேண்டும். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, அமில அடர்த்தி பார்த்த பிறகே வரிசையில் சேர்க்க முடியும். மொத்த பேட்டரியின் கொள்ளளவே 80 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் ஒற்றைச் செல் மாற்றுவது வீண்செலவு. அப்போது முழு பேட்டரியையும் மாற்றச் சொல்லி நாங்களே எழுதுவோம்.

இன்னொன்று, ‘அரை மணி நேரத்தில் முடிக்கவும்’ என்ற குறிப்பு. பேட்டரிக்கு அணைக்கும் சுவிட்ச் கிடையாது. சார்ஜரையும் சுமையையும் பிரித்த பிறகும் முனைகளில் மின்சாரம் உயிரோடுதான் இருக்கும். மோதிரத்தைக் கழற்றிவைத்து, காப்பிட்ட ஸ்பேனரால்தான் இணைப்புப் பட்டையைத் தொடுகிறோம். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதத்தைத் தொட்டால் ஒரு பொறி போதும். செல்லை முனையைப் பிடித்துத் தூக்கினால் அதன் அடைப்பு பிளந்துவிடும். பட்டை கோத்து இருவர் தூக்க வேண்டும். இதில் எதை விட்டுவிட்டு நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறீர்கள்?

மாற்று பேட்டரியை இணைத்துக்கொண்டு வேலை செய்ய ஒரு முழு நாள் தாருங்கள். விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் 55 செல்களின் அளவுகளும் தனித்தனியாக இருக்கின்றன. இந்த முறை அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

இப்படிக்கு,
பேட்டரி அறை ஊழியன்