ஓய்வுக்காசில் முதல் வேலை பின்கான்

ஆசிரியர் அவர்களுக்கு,

தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெறுபவரின் கைக்கு மொத்தமாகக் காசு வருவது வாழ்நாளில் ஒரே தடவைதான். சேமலாப நிதி, நம்பிக்கைப் பொறுப்பு நிதி, வருடத்துக்கு 14 நாள் சம்பளக் கணக்கில் பணிக்கொடை. இவை வந்து சேரும் மாதத்தில் மேசனும் வாசலுக்கு வந்து சேர்ந்துவிடுவார். முன் ஹோலுக்கு டைல், கொழும்பிலிருந்து பிள்ளைகள் வந்தால் படுக்க ஒரு காம்பரா, கேட்டுக்கு மேலே ஒரு வளைவு. ஏழு பேர்ச் காணியில் இதெல்லாம் முடிந்தபின் வீட்டுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். வெட்டின மண் செங்குத்தாக நிற்கும். அடியில் கான், அதாவது தண்ணீர் ஓடும் வாய்க்கால், இருக்காது. கூரைத் தண்ணீர் முழுக்க அந்த இடுக்கில்தான் கொட்டும்.

வரிசை தலைகீழாகிவிட்டது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். முதலில் கான், பிறகு மழைத்தண்ணீர்த் தாங்கி, பிறகு மரக்கறிப் பாத்தி. காம்பராவுக்கு அதற்குப் பிறகுதான் முறை.

பேரப்பிள்ளைகள் கைபேசியில் காட்டும் காணொளிகளில் அமெரிக்கப் பாலைவனத்து ஓய்வு வீடுகள் அழகாகத்தான் இருக்கின்றன. சரளை பரப்பிய முற்றம், தட்டைக் கூரை, வெயிலில் சாய்கதிரை. அதே மாதிரி தட்டைக் கூரை வேண்டும் என்று இங்கேயும் மேசனிடம் கேட்கிறார்கள். அந்தப் பக்கத்து பீனிக்ஸ் நகரில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் மழை சுமார் 200 மில்லிமீட்டர். நமக்கு அது கெட்ட இராத்திரி ஒன்றின் மழை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பின்கானை வீட்டுச் சுவரோடு ஒட்டி வெட்டக்கூடாது, அத்திவாரம் ஊறும். மண்வெட்டின் அடியை ஒட்டியும் தோண்டக்கூடாது, மேட்டின் காலை அறுத்த மாதிரி ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஓட வேண்டும். அகலம் ஓரடி, ஆழம் முக்கால் அடி, அடிப்பக்கம் வளைந்திருந்தால் இலைதழை தங்காது. 100 அடிக்கு ஓரடி இறக்கம் குறைந்த பட்சம். கண்ணால் பார்த்து இறக்கம் வைத்தால் பாதிக் கானில் தண்ணீர் பின்னோக்கி வரும். நிறமில்லாத பிளாஸ்டிக் பைப்பில் தண்ணீர் நிரப்பி மட்டம் பிடித்தால் போதும். பைப்பில் ஒரு காற்றுக் குமிழி நின்றாலும் மட்டம் பொய் சொல்லும், அதை முதலில் தட்டி வெளியேற்றுங்கள். கலவைக்குச் சீமெந்து ஒன்றுக்கு மணல் நான்கு.

கான் நிரம்பி வழிவது பெரும்பாலும் மூலையில்தான். நேர்கோணமாகத் திருப்பினால் வேகமாக வரும் தண்ணீர் சுவரில் ஏறிக் குதிக்கும். அங்கே ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு குழி கட்டி, வெளியேறும் வாயை விட அரை அடி ஆழமாக விடுங்கள். சேறு அதில் தங்கும், மாதம் ஒரு முறை மண்வெட்டியால் அள்ளலாம். அள்ளின மண்ணைக் கானுக்கு மேல்பக்கத்தில் போடுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. அடுத்த மழைக்கு அது திரும்பக் கானுக்கே வரும்.

மண்வெட்டுக்கு மேலே தேயிலை இருந்தால், விளிம்பிலிருந்து குறைந்தது மூன்று நான்கு அடி தள்ளி மேல்கான் ஒன்றும் வேண்டும். இதைப் பூசாமல் வெறும் மண்ணாக விட்டால் கான் இல்லாததை விட மோசம். தண்ணீர் நின்று ஊறி, மேட்டுக்குள்ளேயே இறங்கும். அந்த மேல்காணி தோட்டத்தின் பொறுப்பில் இருப்பதால் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டியிருக்கும். கான் கடைசியில் எங்கே போய் விழுகிறது என்பதையும் அதே கடிதத்தில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக் கானிலோ ஓடையிலோ சேரவேண்டும், கீழ்வீட்டுக்காரர் தலையில் அல்ல.

தாங்குசுவர் கட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. சுவரைத் தள்ளுவது மண்ணை விட மண்ணுக்குள் தேங்கிய தண்ணீர்தான். மூன்றங்குலப் பைப் துண்டுகளை நான்கைந்து அடிக்கு ஒன்றாக, வெளிப்பக்கம் சற்றுச் சாய்த்து வைத்து, சுவருக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்குக் கருங்கல் சல்லி நிரப்ப வேண்டும். பூச்சு வேலைக்கு வருகிறவர் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று அந்த ஓட்டைகளையும் சேர்த்துப் பூசிவிட்டுப் போய்விடுவார். அன்று பின்னேரமே ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். ஆளுயரத்துக்கு மேற்பட்ட மண்வெட்டு என்றால் மேசனோடு நிறுத்திவிடாமல் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

அந்த நிறுவனம் மழை அளவை வைத்துத்தான் மண்சரிவு எச்சரிக்கை கொடுக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் தயார், 150 தாண்டினால் வெளியேற்றம். ஒரே மணி நேரத்தில் 75 விழுந்தாலும் வெளியேற வேண்டியதுதான். ஆனால் மேட்டுக்கு அந்தப் பக்கம் ஊற்றும் மழை இந்தப் பக்கம் தூறலாக இருக்கும். ஆகவே மழைமானி வீட்டிலேயே இருப்பது நல்லது. ஓய்வு பெற்றவருக்கு இதைப் போல் காசில்லாத, தினமும் கைக்கு வேலை கொடுக்கிற பொருள் வேறில்லை.

பக்கம் நேராக உள்ள ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் ஒன்றின் மேல் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, மூடியைக் கழற்றிக் கவிழ்த்து, புனலாக அதன் வாயிலேயே பொருத்துங்கள். போத்தலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்கும். அங்கே கூழாங்கல் போட்டு, பக்கம் நேராகும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் பூச்சியக் கோடு போடுங்கள். பிள்ளைகளின் அடிமட்டத்தை அதிலிருந்து மேல்நோக்கி ஒட்டினால், ஏறின ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஒரு மில்லிமீட்டர் மழை. இடுப்புப் பட்டி போல நடுவில் ஒடுங்கின போத்தல் சரிவராது. கூரையோரம், மரத்தடி கூடாது. பக்கத்தில் உள்ள பொருளின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி, கம்பில் கட்டி வையுங்கள். காலை 8.30க்குப் பார்த்து, கொப்பியில் எழுதி, திரும்பப் பூச்சியக் கோட்டுக்குத் தண்ணீர் விடுங்கள். வெயில் நாளில் அந்தத் தண்ணீர் ஆவியாகிக் கோட்டுக்குக் கீழே போய்விடும் என்பதால், மழை இல்லாத நாளிலும் பார்க்க வேண்டும். நிலத்தில் புது வெடிப்பு, கதவு இறுகுதல், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குதல் அல்லது நிற்றல், இவற்றில் ஒன்று கண்ணில் பட்டால் கொப்பியைப் பார்க்கத் தேவையில்லை. வெளியே வந்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள்.

அடுத்தது தாங்கி. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். 550 சதுர அடி வீட்டின் கூரை சுமார் 51 சதுர மீற்றர். பத்து மில்லிமீட்டர் மழையில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகிப் போனாலும் 400 லீற்றர் கைக்கு வரும். கூரையோரத்துப் பீலியில்தான் பலர் தவறுகிறார்கள். தகரத்தின் நுனி பீலிக்குள் இரண்டங்குலம் நீண்டிருக்க வேண்டும். அதற்கு மேல் நீண்டால் பெருமழையில் தண்ணீர் பீலியைத் தாண்டி வாசலில் விழும். குறைந்தால் பலகையோடு பின்னால் வழிந்து சுவர் பாசி பிடிக்கும். 20 அடிக்கு இரண்டங்குலம் இறக்கமும், இரண்டு அடிக்கு ஒரு தாங்கியாணியும் கொடுத்தால் நடுவில் தொய்யாது.

முதல் மழைத் தண்ணீரில் பறவை எச்சமும் புகைக்கரியும் வரும். சதுர மீற்றருக்கு அரை லீற்றர் என்று பார்த்தால் 25 லீற்றரை வெளியே விட வேண்டும். தாங்கிக்கு முன்னால், அடியில் மூடி போட்டு வைத்த நாலங்குலப் பைப் பத்தடி அவ்வளவையும் பிடிக்கும். அவ்வளவு உயரம் சுவரில் இல்லாவிட்டால் ஆறடியை நிமிர்த்தியும் நாலடியைச் சாய்த்தும் வைக்கலாம், மூடி தாழ்ந்த முனையில் இருக்க வேண்டும். மூடியில் குண்டூசித் தலையை விடச் சற்றுப் பெரிய துளை. அந்தத் துளை அடைபட்டால் பைப் நிறைந்தபடியே நிற்கும், அடுத்த மழையின் அழுக்கு நேரே தாங்கிக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை தோறும் மூடியைக் கழற்றுங்கள். நுளம்பு வராமல் உள்வாய்க்கும் வழிவாய்க்கும் வலை கட்டுங்கள். குடிக்க என்றால் கொதிக்க வைத்தே ஆக வேண்டும்.

1,000 லீற்றர் தாங்கி நிறைந்தால் ஒரு தொன். அதை நிரவின மண்ணில், அதுவும் மேட்டின் விளிம்பில், வைத்திருப்பதைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. வெட்டின கெட்டி நிலத்தில், நாலரை அடிச் சதுரத்தில், நாலங்குலத் தடிப்பில் கம்பி வலை போட்ட கொங்கிரீட். ஒன்றரை மூடை சீமெந்து போதும். குளிரில் கொங்கிரீட் மெதுவாகத்தான் இறுகும், பத்து நாள் நனைத்த சாக்கால் மூடி வைத்தபின் தாங்கியை ஏற்றுங்கள். வழிகிற தண்ணீரும் பைப் வழியாகக் கானுக்குத்தான் போக வேண்டும்.

ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தண்ணீருக்குப் பஞ்சமில்லை. அங்கே கான் பெரிதாக இருக்கட்டும். அதே மாதங்களில் பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் கச்சான் காற்றில் காய்ந்து கிடக்கும். இந்தப் பக்கத்துக்கு 2,000 லீற்றர் வேண்டும். இருவர் மட்டும் இருக்கும் வீட்டில் ஆளுக்கு 65 லீற்றர் என்றால் 1,000 லீற்றர் ஒரு வாரம் தாங்கும். சித்திரைக்குப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்து ஆறு பேரானால் மூன்றாம் நாளே குழாய் சத்தம் போடும். டைல் பதித்த ஹோலில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்கலாம்.

பாத்தி பற்றிச் சுருக்கமாக. பழைய தேயிலை மண் புளித்த மண். தேயிலைக்கு அது நல்லது, கோவாவுக்கும் கரட்டுக்கும் ஆகாது. கோவாவின் வேர் கட்டி கட்டியாக வீங்கிச் செடி மத்தியானத்தில் வாடினால், அது புளித்த மண்ணில் பெருகும் வேர்வீக்க நோய். நடுவதற்கு மூன்று வாரம் முன்னால் 100 சதுர அடிக்கு இரண்டு கிலோ டொலமைட் சுண்ணாம்புத் தூள் தூவிக் கொத்திவிடுங்கள். யூரியாவோடு ஒரே நாளில் போட்டால் யூரியாவின் சத்து காற்றோடு போய்விடும். உருளைக்கிழங்குப் பாத்திக்கு டொலமைட் வேண்டாம், கிழங்கில் சொறி விழும். பாத்திகள் சரிவுக்குக் குறுக்கே இருக்கட்டும். ஓரத்தில் வெட்டிவேர் அரை அடிக்கு ஒன்றாக நட்டால் ஒரு வருடத்தில் வேலியாகும்.

விருந்தாளிகளுக்குக் காம்பராவை விட முக்கியமானது படி. வயதானவர்களுக்கும் அதுவேதான். ஆறங்குல உயரம், ஓரடி மிதி, எல்லாப் படியும் ஒரே அளவு. ஒரு படி மட்டும் உயரம் மாறினால் இருட்டில் கால் அங்கேதான் இடறும். ஒரு பக்கம் ஒன்றேகால் அங்குல இரும்புக் குழாயில் கைபிடி. மிதியின் மேற்பரப்பை வழவழப்பாகத் தேய்க்க விடாமல், ஈரமாக இருக்கும்போதே விளக்குமாற்றால் குறுக்கே ஒரு இழுப்பு இழுக்கச் சொல்லுங்கள்.

கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்குக் குளிர் பழக்கமில்லை. கரிச்சட்டியை அறைக்குள் வைத்து யன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார்கள். கரியின் நச்சுவாயுவுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். நுவரெலியாப் பக்கம் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. கூடுதல் கம்பளியும் வெந்நீர்ப் போத்தலும் கொடுங்கள், கரிச்சட்டியை வெளித்திண்ணையான இஸ்தோப்போடு நிறுத்துங்கள்.

பேரப்பிள்ளைகளை நடக்கக் கூட்டிப்போவதற்கு இடத்துக்குக் குறைவில்லை. தம்பேதன்னையிலிருந்து லிப்டன் சீட் வரை தேயிலைக்குள் ஏறும் வழி, தெமோதரைக்கும் எல்ல ஊருக்கும் நடுவில் ஒன்பது வளைவுப் பாலம், இப்போது கண்டியிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பீக்கோ நடைபாதையின் ஏதாவது ஒரு துண்டு. விடியற்காலையில் கிளம்பிவிடுங்கள், பத்து மணிக்கெல்லாம் மூடுபனி ஏறிவிடும். அட்டைக்குக் காலுறையில் சவர்க்காரம் தேய்த்தால் போதும். குளவி வேறு விடயம். உயர்ந்த மரத்திலும் கற்பாறையிலும் கூடு தொங்கினால் கீழே நின்று படம் எடுக்காதீர்கள், வாசனைத் தைலம் பூசிப் போகாதீர்கள். கலைந்து வந்தால் கையை வீசாமல் தலையையும் முகத்தையும் துணியால் மூடி, நிற்காமல் அந்த இடத்தை விட்டு ஓடி, கதவு சாத்தக்கூடிய ஒரு இடத்துக்குள் போய்விட வேண்டும். பல கொட்டு விழுந்தவரை, நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். வானிலைப் பெட்டியில் 'மத்திய மலைநாட்டில் மழை பெய்யலாம்' என்று போடுகிறீர்கள். அந்த இடத்தில், முதல்நாள் காலை 8.30 வரை பதிவான மழையை மலையக ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் மில்லிமீட்டரில் போட்டால், எங்கள் வீட்டுக் கொப்பிகளோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
தோட்டங்களில் கட்டட வேலையும் கான் வேலையும் பார்த்து ஓய்வு பெற்ற சிலர்,
பண்டாரவளை.