வரியைவிட சார்ஜர் முக்கியம்

ஆசிரியருக்கு,

இங்கே ஆலை அமைக்கும் வெளிநாட்டு மின்சாரக் கார் நிறுவனங்களுக்கு இறக்குமதி வரியை 15 சதவீதமாகக் குறைக்கும் திட்டம் பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். 'உள்நாட்டுத் தொழில் போச்சு' என்று என் வயதுக்காரர்கள் புலம்புகிறார்கள். 1983-இல் சுசுகி கூட்டோடு மாருதி வந்தபோதும் இப்படித்தான் பயந்தோம். அம்பாசிடர் 2014-இல் நின்றுபோனது, சரி. உதிரிபாகத் தொழில் வளர்ந்ததே!

எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் சார்ஜிங் பாயிண்ட் கேட்ட இளைஞர்களைத் 'தீப்பிடிக்கும்' என்று சொல்லிப் பெரியவர்கள் உட்காரவைத்துவிட்டார்கள். கீழே வரிசையாகப் பெட்ரோல் வண்டிகள்தான் நிற்கின்றன! சார்ஜர் இல்லாவிட்டால் டாடா, மஹிந்திரா மின்சாரக் கார்களையும் யார் வாங்குவார்கள்? பழைய குடியிருப்புகளில் அவரவர் பார்க்கிங்கில், சொந்தச் செலவில், பாதுகாப்பு விதிப்படி சார்ஜர் பொருத்துவதைச் சங்கங்கள் தடுக்காதபடி தமிழக அரசு தெளிவான உத்தரவு பிறப்பிக்க வேண்டும்.

– ஒரு மூத்த வாசகர், அம்பத்தூர், சென்னை