பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால் மதுரையில் பல அச்சகங்களும் மொத்தக் கடைகளும் புது கம்ப்யூட்டர் வாங்குகின்றன. வாங்கும் கையோடு, மூலையில் கிடந்த விண்டோஸ் எக்ஸ்.பி கம்ப்யூட்டர் பெட்டியையும் பழைய இரும்போடு எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அச்சகத்துப் பெட்டிக்குள் கல்யாணப் பத்திரிகை, திருவிழா அழைப்பிதழ், சங்க மலர் என்று இருபது இருபத்தைந்து வருஷ உழைப்பு, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் சாஃப்ட்வேரின் ஃபைலாகக் கிடக்கிறது. கடைப் பெட்டிக்குள் விண்டோஸுக்கு முந்திய டாஸில் ஓடிய பில்லிங் புரோகிராமும் அதன் கணக்குகளும் இருக்கின்றன. பெரும்பாலானவற்றை மீட்கலாம். ஆனால் செய்கிற வரிசை தப்பினால் மீட்கவே முடியாமல் போகும்.

வருஷக்கணக்கில் அணைந்து கிடந்த பெட்டியை 'ஓடுதா பார்ப்போம்' என்று ஸ்விட்ச் போட வேண்டாம். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, தூசியைத் துடைத்து, பிராசஸரைச் சுற்றி நிற்கும், சின்ன உருளை வடிவக் கெப்பாசிட்டர்களைப் பாருங்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலும், பழுப்பாகக் கசிந்திருந்தாலும் மின்சாரம் கொடுக்கக் கூடாது. 2000-ஐ ஒட்டி வந்த போர்டுகளில் இது சர்வ சாதாரணம். அந்தக் காலத்தில் பல கெப்பாசிட்டர்களின் உள்ளிருக்கும் எலக்ட்ரோலைட் திரவம் தரம் குறைந்தது. மாற்றுவதென்றால் அதே மைக்ரோஃபாரட், அதே வோல்டேஜ் அல்லது ஒரு படி கூடுதல், 105 டிகிரி வெப்பம் தாங்கும், லோ இ.எஸ்.ஆர் (உள் மின்தடை குறைந்த) வகை.

அடுத்த வேலை ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி நகலெடுப்பது. அகலமான கேபிள் மாட்டும் பழைய 40 பின் ஐ.டி.இ டிஸ்க் என்றால், அதன் பின்புறம் உள்ள ஜம்பரை (சின்னச் செருகியை) மாஸ்டரில் வைத்து, தனி பவர் அடாப்டர் உள்ள யூ.எஸ்.பி கன்வர்ட்டரில் மாட்டுங்கள். வேறு நல்ல கம்ப்யூட்டரை லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து, கெட்ட டிஸ்க்கிலிருந்தும் நகலெடுக்கும் டி.டி.ரெஸ்க்யூ கொண்டு டிஸ்க் முழுவதையும் ஒரே இமேஜ் ஃபைலாக (அச்சு அசலான நகலாக) எடுங்கள். முதல் சுற்றில் கெட்ட இடங்களைத் தாண்டிவிட்டு நல்ல பகுதியை மட்டும் வாங்க வேண்டும். இரண்டாம் சுற்றில்தான் கெட்ட இடத்தை மூன்று தடவை முயல வேண்டும். எதுவரை எடுத்தாயிற்று என்று குறித்துவைக்கும் மேப் ஃபைலின் பெயரைக் கொடுக்க மறக்காதீர்கள். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நல்ல நிலையில் உள்ள 40 ஜி.பி டிஸ்க் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 'டக் டக்' என்று சத்தம் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நகல் எடுக்கும் முன் விண்டோஸின் டிஸ்க் சரிபார்க்கும் செக்டிஸ்க்கை ஓட்டவே கூடாது. பழுதைச் சரிசெய்யும்போது அது கெட்ட டிஸ்க்கின் மேலேயே எழுதும். எழுதினால் மிச்சமிருப்பதும் போகும்.

பெட்டியே ஓட வேண்டும் என்பவர்கள் போர்டில் உள்ள நாணய வடிவ சி.ஆர். 2032 பேட்டரியை மாற்றிவிடுங்கள். பேட்டரி செத்தால் பயாஸ் (கம்ப்யூட்டர் துவங்கும்போது முதலில் ஓடும் புரோகிராம்) அமைப்பெல்லாம் ஆரம்ப நிலைக்குப் போகும். சில போர்டுகளில் அந்த ஆரம்ப நிலையில் சாட்டா டிஸ்க் (ஐ.டி.இ-க்குப் பின் வந்த வகை) ஏ.எச்.சி.ஐ என்ற புது முறையில் இருக்கும். எக்ஸ்.பி-யிடம் அதற்கான டிரைவர் கிடையாது. உடனே '7பி' என்று முடியும் நீலத்திரை வரும். இதைப் பார்த்துவிட்டு 'விண்டோஸ் போச்சு, ஃபார்மேட் பண்ணணும்' என்று சொல்லி டிஸ்க்கையே அழித்துவிடுகிறார்கள். பயாஸில் சாட்டா முறையை ஐ.டி.இ என்று மாற்றினால் போதும், பழையபடி பூட் ஆகும்.

அச்சகத்தார் கவனிக்க வேண்டியது ஃபான்ட். ஃபைலை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு பெட்டியைக் கொடுத்துவிட்டால் அந்த ஃபைலால் பயனில்லை. எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு குறியீடு பரவும் முன் ஒவ்வொரு தமிழ் பேக்கேஜும் எழுத்துகளைத் தன் போக்கில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார வைத்திருந்தது. 1999-ல் தமிழக அரசு டாம், டாப் என்ற எழுத்துக் குறியீடுகளை அறிவித்த பிறகும் பாமினி முதலிய பல அமைப்புகள் புழக்கத்தில் இருந்தன. பாமினியில் அடித்த 'தமிழ்' என்ற சொல், அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என ஐந்து குறிகளாகத்தான் தெரியும். வேறு தமிழ் ஃபான்டைப் போட்டால் வேறு ஏதோ எழுத்துகள் வரும். ஆகவே விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக எடுத்து வையுங்கள். டைப் 1 என்ற பழைய அடோபி வகை ஃபான்ட் என்றால் பி.எஃப்.பி, பி.எஃப்.எம் என்ற இரண்டு ஃபைலும் வேண்டும். அவை பெரும்பாலும் பி.எஸ்.ஃபான்ட்ஸ் என்ற தனி ஃபோல்டரில் இருக்கும். அடோபி 2023 ஜனவரியோடு டைப் 1 ஆதரவை நிறுத்திவிட்டதால் புது சாஃப்ட்வேரில் அவை திறக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

பேஜ்மேக்கரைத் திறக்க நல்ல வழி, எடுத்த இமேஜை, கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் ஓட்டுவது. இமேஜை அதன் டிஸ்க் ஃபைல் வகையான வி.டி.ஐ-ஆக மாற்றி, சாட்டாவில் மாட்டாமல் ஐ.டி.இ பி.ஐ.ஐ.எக்ஸ் 4 கன்ட்ரோலரில் மாட்டுங்கள்; இல்லையென்றால் அதே 7பி நீலத்திரைதான். ஒரு பிராசஸர், 1 ஜி.பி ராம் தாராளம். உள்ளே போனதும் போஸ்ட்ஸ்கிரிப்ட் (அச்சுக்கான பக்க மொழி) பிரிண்டர் டிரைவர் ஒன்றை நிறுவி, ஒவ்வொரு ஃபைலையும் 'பிரிண்ட் டு ஃபைல்' கொடுத்து, அதைப் படிக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் மூலம் பி.டி.எஃப் ஆக்கிவிடுங்கள். ஃபான்ட் உள்ளேயே பதிந்துவிடும். இனி எந்தக் கம்ப்யூட்டரிலும் பார்க்கலாம். எழுத்தாகவும் வேண்டுமென்றால் தமிழ்க் குறியீடுகளை மாற்றும் என்.எச்.எம் கன்வர்ட்டரில் எந்தக் குறியீடு என்று சரியாகத் தேர்ந்தெடுத்து யூனிகோடுக்கு மாற்றி, ஒற்றுக்கும் கொம்புக்கும் ஒரு தடவை மெய்ப்புப் பாருங்கள். மூல ஃபைலை அழிக்காதீர்கள்.

இந்த எக்ஸ்.பி-க்கு இன்டர்நெட் வேண்டவே வேண்டாம். அதன் ஆதரவு 2014 ஏப்ரல் 8-லேயே முடிந்துவிட்டது. விர்ச்சுவல் மெஷினில் நெட்வொர்க் அடாப்டரை அணைத்து வையுங்கள்.

டாஸ் புரோகிராம்கள் வேறு வகை. 64 பிட் விண்டோஸ் 16 பிட் புரோகிராம்களை ஓட்டாது. விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது. பில்லிங்குக்கு டாஸ் கம்ப்யூட்டரைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் பொருத்தம். சாதாரண டாஸ்பாக்ஸ் விளையாட்டுக்காக எழுதியது, அதில் பிரிண்டர் போர்ட் இல்லை. 'ரன்டைம் எரர் 200' வந்தால் ஃபைல் கெட்டுவிட்டதென்று பயப்பட வேண்டாம். டர்போ பாஸ்கல் மொழியில் எழுதிய புரோகிராம் கம்ப்யூட்டரின் வேகத்தை அளக்கும்போது, வேகமான பிராசஸரில் அந்தக் கணக்கு அளவு மீறிப் போகிறது. டாஸ்பாக்ஸ்-எக்ஸின் வேகத்தைக் குறிக்கும் சைக்கிள்ஸ் எண்ணைக் குறைத்தால் ஓடும். பில் அடிக்க டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரையே வைத்துக்கொள்ளுங்கள்; விண்டோஸ் டிரைவரை மட்டும் நம்பி ஓடும் மலிவு லேசர் பிரிண்டருக்கு டாஸ் அனுப்பும் வெறும் எழுத்து புரியாது.

பழைய பெட்டியை வைத்தே தீர வேண்டிய இடம் எனக்குத் தெரிந்து இரண்டுதான். கப்பலூர் போன்ற தொழிற்பேட்டைகளில் ஐ.எஸ்.ஏ என்ற பழைய வகை ஸ்லாட்டில் செருகும் கார்டு வழியாக ஓடும் மெஷின் ஒன்று. அந்த ஸ்லாட் இன்றைய சாதாரண போர்டுகளில் இல்லை. பிரிண்டர் போர்ட்டில் செருகும் அனுமதிப் பூட்டு (டாங்கிள்) கேட்கும் சாஃப்ட்வேர் இன்னொன்று. அந்தப் பூட்டை விர்ச்சுவல் மெஷினுக்குள் கொண்டுபோவது பெரும்பாலும் நடக்காது.

சின்ன அச்சகத்தாரால் இவ்வளவையும் தனியாகச் செய்ய முடியாது. 2023 ஜூலையில் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் இதற்கென ஒரு மேசை ஒதுக்க வேண்டும் என்று நூலகத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். ஐ.டி.இ, சாட்டா கன்வர்ட்டர் ஒன்று, 3.5 அங்குல ஃபிளாப்பி டிரைவ், சி.டி டிரைவ், லினக்ஸ் ஓடும் சாதாரண கம்ப்யூட்டர், 4 டி.பி டிஸ்க் இரண்டு இருந்தால் போதும். வாடிக்கையாளர் ஃபைலும் கணக்கும் அவரவர் சொத்து என்பதால் நகல் உரியவர் கையிலேயே போக வேண்டும். அவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் மலர்களையும் அழைப்பிதழ்களையும் நூலகம் ஒரு பிரதி வைத்துக்கொள்ளலாம். இங்குள்ள பாலிடெக்னிக் மாணவர்களுக்கு டி.டி.ரெஸ்க்யூ ஒரே நாளில் கற்றுக்கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
அச்சகக் கணினிப் பராமரிப்பாளர்,
சிம்மக்கல், மதுரை.