−5⁰ என்றால் 1 இல்லை, விடைக்குறிப்பைத் திருத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களில் ஒருத்தி போன வாரம் ஒரு பயிற்சி மையத்தின் மாதிரித் தேர்வுத் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். −5⁰ + (−5)⁰ எவ்வளவு என்று ஒரு கேள்வி. அவள் 0 என்று குறித்திருந்தாள், சரியான விடையும் அதுதான். விடைக்குறிப்பில் 2 என்று இருக்கிறது, அவளுக்கு மதிப்பெண் இல்லை. போய்க் கேட்டதற்கு, "எந்த எண்ணுக்கும் அடுக்கு பூஜ்ஜியம்னா விடை 1, இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். யோசிக்க நிறைய இருக்கிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அடுக்கு எதன் தலையில் உட்கார்ந்திருக்கிறதோ அதற்கு மட்டும்தான் சொந்தம். −5⁰ என்று எழுதினால் அந்த 0, 5-க்கு மட்டும் உரியது. முதலில் 5⁰ = 1, அப்புறம் முன்னால் நிற்கும் மைனஸ், ஆக −1. (−5)⁰ என்று அடைப்புக்குறி போட்டால் அடிமானம் (அடுக்கு எந்த எண்ணுக்கு உரியதோ அந்த எண்) மைனஸ் ஐந்து முழுவதும், அப்போதுதான் விடை 1. இரண்டையும் கூட்டினால் பூஜ்ஜியம். இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு: (−5⁰) என்று எழுதினாலும் விடை −1-தான், ஏனென்றால் அடுக்கு அடைப்புக்கு உள்ளேயே 5-ஐ ஒட்டி நிற்கிறது. ஆகவே அடைப்புக்குறி கண்ணில் பட்டவுடன் 1 என்று எழுதிவிடக் கூடாது, அது எங்கே மூடுகிறது என்று பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் இதில் தடுமாறுவதற்குக் காரணம் இருக்கிறது. எந்தச் செயலை முதலில் செய்வது என்ற வரிசைக்குப் போட்மாஸ் (BODMAS) என்று எல்லாரும் மனப்பாடம் செய்கிறோம், ஆனால் முன்னால் தனியாக நிற்கும் மைனஸுக்கு அதில் எழுத்தே கிடையாது. அதைக் கழித்தல் என்று எடுத்துக்கொண்டாலும் சரி, −1-ஆல் பெருக்குவது என்று எடுத்துக்கொண்டாலும் சரி, இரண்டுமே அடுக்குக்குப் பின்னால்தான் வருகிறது. 10 − 3² எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், எட்டாம் வகுப்புப் பிள்ளை கூட 1 என்று சொல்லும், 19 என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த 10-ஐ 0 ஆக்குங்கள், 0 − 3² = −9. பூஜ்ஜியத்தை எழுதாமல் விட்டால் −3². எழுதாமல் விட்டதற்காக விடை திடீரென்று +9 ஆகிவிடுமா?

இந்தத் தவறு வருஷக்கணக்கில் கண்ணில் படாமல் தப்பிப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அடுக்கு ஒற்றைப்படையாக இருந்தால் அடைப்புக்குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே விடைதான் வரும், −2³-உம் −8, (−2)³-உம் −8. இரட்டைப்படை வந்தால்தான் குட்டு உடைகிறது: −2⁴ = −16, (−2)⁴ = 16. பூஜ்ஜியமும் இரட்டைப்படை எண்தான் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

அப்புறம், அடுக்கு பூஜ்ஜியம் என்றால் ஏன் 1 என்பதையும் வகுப்பில் சொல்லிக்கொடுக்க வேண்டும். (−2)³ = −8, (−2)² = 4, (−2)¹ = −2. ஒவ்வொரு படி இறங்கும்போதும் −2-ஆல் வகுக்கிறோம். இன்னும் ஒரு படி இறங்கினால் −2-ஐ −2-ஆல் வகுக்க வேண்டும், 1 வருகிறது. இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்ட இரண்டு நிமிடம் ஆகுமா? பார்த்த பிள்ளை அப்புறம் மறக்காது, எது அடிமானம் என்பதும் அதற்குத் தானாகப் பிடிபடும். (பூஜ்ஜியத்துக்கே அடுக்கு பூஜ்ஜியம் போடுவது தனி வழக்கு, பள்ளிக் கணக்கில் அதை வரையறுக்காமல் விட்டுவிடுகிறார்கள். "எந்த எண்ணுக்கும்" என்று அந்த மையத்தில் சொன்னது அந்த வகையிலும் சரியில்லை.)

தேர்வு அறையோடு இது முடிந்துவிடுவதும் இல்லை. எக்செல்லில் =-3^2 என்று தட்டுங்கள் (^ என்பது அங்கே அடுக்குக் குறி), 9 என்று காட்டும். =0-3^2 என்று தட்டுங்கள், −9. எக்செல் முன்னால் நிற்கும் மைனஸை எண்ணோடு சேர்த்துக்கொண்டு அப்புறம்தான் அடுக்கைப் போடுகிறது, அது அந்த மென்பொருளின் வழக்கம். பைத்தான் என்ற நிரல் மொழியில் -3**2 (அங்கே ** தான் அடுக்குக் குறி) என்றால் கணிதப் புத்தகத்தில் இருப்பது போலவே −9 வரும். புள்ளியியலில் மணி வடிவ வளைகோடு வரைய =EXP(-A1^2) என்று எழுதுகிற கல்லூரி மாணவர் A1-இல் 2 இருந்தால் 0.018 வரும் என்று எதிர்பார்ப்பார், எக்செல் 54.6 என்று காட்டும். தவறு என்று எச்சரிக்கையும் வராது. அடிமானம் எது என்று கேட்டுப் பழகியவர் அங்கே =EXP(-(A1^2)) என்று அடைப்புக்குறி போட்டுவிடுவார், பழகாதவர் தவறான வளைகோட்டை வைத்துக்கொண்டு ஆய்வறிக்கையே எழுதிவிடுவார்.

டிஎன்பிஎஸ்சி கூட உத்தேச விடைக்குறிப்பை வெளியிட்டு, ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்று அவகாசம் கொடுக்கிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு மாதிரித் தேர்வு நடத்துகிறவர்கள் மட்டும் விடைக்குறிப்பை வேதவாக்காக வைத்திருப்பது நியாயமே இல்லை. சரியாக எழுதிய பிள்ளை தான் தவறு என்று நம்பி, அடுத்த முறை தெரிந்தே தவறான விடையைக் குறிக்குமே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பெண் அப்படித்தான் கேட்டாள், "இனிமே 2-ன்னே போடட்டுமா மேடம்?" என்று.

உங்கள் நாளிதழின் கல்வி இணைப்பிலும் மாதிரி வினாக்கள் வருகின்றன. விடையை மட்டும் தலைகீழாக அச்சிடாமல், இந்த மாதிரிக் கணக்குகளுக்காவது இரண்டு வரி வழிமுறையும் சேர்த்துப் போடுங்கள். ஆசிரியர்கள் படித்துவிட்டுத் தவறு என்று எழுதினால் மறுநாளே திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கணித ஆசிரியை,
திண்டுக்கல்.