கேத்தரினிலிருந்து அப்பாவுக்கு

கேத்தரின்,
வட ஆஸ்திரேலியா,
ஞாயிறு இரவு.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள், அம்மா, அக்கா வீட்டார் எல்லாரும் நலமா? உங்கள் கடிதம் போன வாரம்தான் கைக்கு வந்தது. மழையில் ரோடு அடைபட்டதால் டார்வினிலேயே கிடந்து வந்திருக்கிறது. ஃபோனில் பேசினால் உங்களுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, அம்மா நடுவில் நின்று கத்திக் கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் நீங்கள் கேட்டதற்கெல்லாம் எழுதியே அனுப்புகிறேன். பாப்பா படித்துக் காட்டட்டும்.

ஆஸ்திரேலியாவில் வெள்ளம் என்று பேப்பரில் பார்த்துப் பயந்துபோய் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒன்றும் இல்லை. நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை இந்தப் பக்கம் மழைக்காலம். ஆற்றில் தண்ணீர் ஏறினால் ரோட்டை மூடிவிடுவார்கள், நாங்கள் ஓட்டுகிற லாரியெல்லாம் யார்டில் நிற்கும், நாங்கள் வீட்டில் இருப்போம். நன்றாக ஓய்வெடுக்கிறேன். காரை விற்றுவிட்டேன். யார்டு நடக்கிற தூரம்தான், அதற்கு எதற்கு ஒரு வண்டி? ரூமில் ஒரு பஞ்சாபிப் பையனையும் சேர்த்துக்கொண்டேன், பேச்சுத் துணைக்கு ஆயிற்று.

சாப்பாட்டுக்கும் குறை இல்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ரோட்டோரக் கடைகளில் கிடைப்பதெல்லாம் கறியை உள்ளே வைத்து மூடிச் சுட்ட ‘பை’ என்ற பண்டமும் உருளைக்கிழங்கு வறுவலும்தான். ஆனால் அம்மா அனுப்பிய இட்லிப் பொடி இன்னும் பாதி டப்பா இருக்கிறது. வண்டியிலேயே குக்கரில் சோறு வைத்துவிடுகிறேன். இங்கே நம் ஊர் வெயில்தான் என்பதால் கொல்லையில் கறிவேப்பிலை தளதளவென்று வந்திருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றி முன்பே எழுதியிருந்தேன் இல்லையா? அந்தக் கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றுவது அவர்தான். எழுபதைத் தாண்டியவர், ஆயுசு முழுக்க லாரி ஓட்டியவர். காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, கேத்தரின் ஆறு இன்றைக்கு எத்தனை மீட்டர் என்று கத்திச் சொல்லிவிட்டுத்தான் மறுபேச்சு பேசுவார். அவர் வீட்டு மாமரத்தில் தகரத் தட்டு தட்டாகத் தொங்கும். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்டில் ஒரு ஆற்றின் பெயர், ஒரு வருடம். அவர் வண்டியோடு மாட்டிக்கொண்ட ஆறுகளாம். வீட்டுச் சுவரில், என் தலைக்கு மேலே, ஒரு கோடு போட்டு 1998 என்று எழுதி வைத்திருக்கிறார். அந்த வருடம் ஜனவரி கடைசியில் இந்த ஊரையே ஆறு மூழ்கடித்தது. பாலத்துப் பக்கம் 20.4 மீட்டர், மூன்று பேர் செத்துப்போனார்கள். அந்தக் கோட்டைத் தாண்டி நடக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்க்காமல் போக முடியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பழைய டிரைவர்கள் நாலைந்து பேர் அவர் வீட்டுத் திண்ணையில் கூடுவார்கள். என்னையும் கூப்பிடுவார். பேச்சு முழுக்க ஆறும் பாலமும்தான். அப்பா, அங்கே நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். பேட்டை டீக்கடையில் நீங்களும் பட்டறை மாமாவும் பேசுவீர்களே, அதே பேச்சு, பாஷைதான் வேறு.

நான் லோடு போகும் வழியில், இங்கிருந்து மேற்கே குனுனரா என்ற ஊர் 500 கிலோமீட்டர், அங்கிருந்து புரூம் என்ற ஊர் இன்னும் ஆயிரத்துக்கு மேல். நடுவில் ஃபிட்ஸ்ராய் ஆற்றங்கரையில் ஃபிட்ஸ்ராய் கிராஸிங் என்று ஒரு சின்ன ஊர். வெயில் காலத்தில் அந்த ஆற்றைப் பார்த்தால், மேட்டூர் திறக்காத வருடம் மோகனூரில் காவிரி கிடக்குமே, அப்படி மணலும் குட்டையுமாகக் கிடக்கும். 1935-ல் அங்கே காங்கிரீட்டில் தரைப்பாலம் போட்டார்கள். 1974-ல் உயரமான பாலம் வரும்வரை அதுதான் வழி. பெரியவர் இளவட்டமாக மாடு ஏற்றி ஓட்டிய காலம் அது. தண்ணீர் ஏறிவிட்டால் அக்கரை வண்டி அக்கரையில், இக்கரை வண்டி இக்கரையில். மாட்டை இறக்கி மேயவிட்டுவிட்டு, ரொட்டி மாவை நெருப்புத் தணலில் சுட்டுத் தின்றுகொண்டு, ஆறு எப்போது வடியும் என்று குச்சி நட்டுப் பார்த்துக்கொண்டு கிடப்பார்களாம்.

அந்த 1974 பாலம்தான் இப்போது இல்லை. 2022 டிசம்பரில் எல்லி என்று ஒரு புயல் கரையேறியது. வலுவிழந்த பிறகும் உள்நாட்டிலேயே சுற்றிச் சுற்றி நாள்கணக்கில் மழையைக் கொட்டியது. 2023 ஜனவரி 4-ஆம் தேதி ஃபிட்ஸ்ராய் கிராஸிங்கில் ஆறு 15.81 மீட்டர் ஏறிவிட்டது. 2002-ல் ஏறிய 13.95 மீட்டரைத்தான் அதுவரைக்கும் பெரிய வெள்ளம் என்று சொல்வார்களாம். தண்ணீர் வடிந்து பார்த்தால் பாலம் நடுவில் தொய்ந்து கிடந்தது, கரையோர மண்ணும் போய்விட்டது. வடக்கே கிழக்கையும் மேற்கையும் சேர்க்கிற ஒரே தார்ரோடு அதுதான். புரூமிலிருந்து குனுனராவுக்கு லோடு போக வேண்டுமென்றால் தெற்கே பெர்த், அங்கிருந்து கிழக்கே போர்ட் அகஸ்டா, மறுபடி நேர் வடக்கே கேத்தரின் என்று கண்டத்தையே சுற்ற வேண்டும். ஆயிரம் கிலோமீட்டர் ஏழாயிரத்துக்கு மேல் ஆகிவிட்டது! அப்புறம் மிதவையில் சாமான் கடத்தினார்கள், ஆற்றுக்குள்ளேயே தற்காலிகமாகத் தாழ்வான பாதை போட்டார்கள். புதுப் பாலம் அதே வருடம் டிசம்பரில் திறந்தாயிற்று. 270 மீட்டர், இரட்டை வழி. நான் போவது அதில்தான், பயப்படாதீர்கள்.

மூன்று டிரெய்லர் கோத்த வண்டியைப் பாலம் எப்படித் தாங்குகிறது என்று கேட்டிருந்தீர்கள். வண்டி நீளம் 53.5 மீட்டர் வரை போகலாம், ஆனால் பாரம் அத்தனை ஆக்சிலுக்கும் பிரிந்துவிடும். வெள்ளம் வடிந்து ரோட்டைத் திறந்தாலும் சில நாள் எடைக்குக் கட்டுப்பாடு வைப்பார்கள், தாருக்கு அடியில் மண் ஊறிப்போயிருக்கும் என்பதால். தாழ்வான ஓடைகளில் பாலமே கிடையாது, ரோடே பள்ளத்தில் இறங்கி ஏறும். பக்கத்தில் மீட்டர் கணக்குப் போட்ட வெள்ளைக் கம்பம் நிற்கும். அதைப் பார்த்துத்தான் ஆழம் தெரிந்துகொள்ள வேண்டும். சில தரைப்பாலத்துக்குக் கைப்பிடியே வைப்பதில்லை. வைத்தால் மிதந்து வரும் மரமெல்லாம் அதில் சிக்கி, தண்ணீர் முட்டி, பாலத்தையே பெயர்த்துவிடும். பெரியவர் எனக்குச் சொன்னது ஒன்று: பாலம் நிற்கிறதே என்று நம்பி ஏறாதே, பாலத்துக்கு வந்து சேரும் மண் இருக்கிறதா என்று பார். பழைய ஆட்கள் சொன்னால் நான் கேட்டுக்கொள்வேன், உங்களிடம் வளர்ந்த பழக்கம்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் குயின்ஸ்லாந்துக்காரர். அவருக்கு பர்டெகின் ஆற்றுப் பாலம்தான் உயிர். 1957-ல் திறந்தது, 1.1 கிலோமீட்டர் நீளம். அடியில் பாறையே அகப்படாமல், மணலுக்குள் கிணறு இறக்குவதுபோல் இறக்கித்தான் தூண் எழுப்பினார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு நம் ஆறுகள் நினைவு வந்தது. கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தைப் பற்றிச் சொன்னேன். 1928-ல் கட்டியது, நீங்கள் பருத்தி லோடோடு அதில் போய்வந்தது, பக்கத்தில் புதுப் பாலம் வந்து அதை மூடியது, 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் 18, 19-ஆவது தூண்கள் சாய்ந்தது எல்லாம். செல்ஃபோனில் படம் காட்டினேன். ஒருவரும் பேசவில்லை. வெகுநேரம் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். பெரியவர் மட்டும், உன் அப்பா எந்த வருடம் அங்கே மாட்டிக்கொண்டார் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த வருடத்தை எழுதுங்கள் அப்பா. மாமரத்தில் உங்களுக்கும் ஒரு தட்டு கட்ட வேண்டுமாம். கொள்ளிடம் என்று தமிழிலேயே எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்.

பாலம் ஏறும்போது நீங்கள் ஜன்னல் வழியாக ஆற்றில் காசு போடுவீர்கள். நான் மடியில் உட்கார்ந்து, நான் போடுகிறேன் என்று அழுவேன். இங்கே ஒவ்வொரு பாலத்திலும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது. ராத்திரி, முன்னாலும் பின்னாலும் நூறு கிலோமீட்டருக்கு ஒரு விளக்கு இருக்காது. அப்போது கொள்ளிடத்துக் காற்று அடிப்பதுபோல் இருக்கும், நீங்கள் பக்கத்தில் பீடி பற்றவைப்பதுபோல் இருக்கும். ஆடிப்பெருக்குக்கு எல்லாரும் மோகனூர் போனதாகப் பாப்பா படம் அனுப்பினாளே, அதை வண்டியை ஓரம் கட்டித்தான் பார்த்தேன். உங்களையெல்லாம் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது அப்பா. இந்த வருடமாவது வந்துவிட வேண்டும்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாகப் போட்டிருக்கிறேன். ஆபீசில் கணக்கு முடிக்கத் தாமதம், வேறொன்றும் இல்லை. மே மாதம் சேர்த்து அனுப்புகிறேன். அதுவரை அம்மாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப் போட வேண்டாம், அதற்கென்று தனியாக வைத்திருக்கும் பணத்தைத் தொடாதீர்கள். ஃபைனான்சுக்காரர் டியூ கேட்டு வந்தால் என்னிடம் பேசச் சொல்லுங்கள், நீங்கள் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

லாரியை விற்றுவிடலாம் என்று மாமா சொல்வது சரிதான். எஃப்.சி. எடுக்கவே இந்த முறை பெரிய தொகை ஆகும், ஓட்டவும் ஆள் இல்லை. ஆனால் புரோக்கர் சொன்ன விலைக்குக் கொடுக்காதீர்கள். பட்டறை மாமாவைக் கூட்டிவந்து பாடியையும் டயரையும் பார்க்கச் சொல்லி, அவர் ஒரு விலை சொன்ன பிறகு பேசுங்கள். பேர் மாற்றிக் கொடுக்கும் முன்பு சாவியைக் கொடுக்க வேண்டாம். முன் கண்ணாடிக்கு மேலே இருக்கும் முருகன் படத்தை மட்டும் கழற்றி வீட்டில் வையுங்கள்.

பாப்பாவுக்கு வந்திருக்கும் நாமக்கல் வரனைப் பற்றி அக்கா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, உங்கள் கடிதத்தில்தான் தெரிந்தது. பையன் நல்லவனாக இருக்கலாம். ஆனால் அவள் நர்சிங் முடிக்க இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. முடிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று நான் சொன்னதாக மாமாவிடம் சொல்லுங்கள். படிப்புச் செலவு என் பொறுப்பு. இந்த இடத்தை அவள் உங்களுக்குப் படிக்காமல் தாண்டப் பார்ப்பாள், விடாதீர்கள்.

உங்கள் மகன்,
பெரியவன்