புதைத்த மைல் கட்டையைத் தோண்டி எடுக்க வேண்டும்

ஆசிரியர் ஐயாவுக்கு,

நான் ஓய்வுபெற்ற வீதி ஓவசியர். ஊர் மட்டக்களப்புப் பக்கத்துக் களுதாவளை. போன ஆடி, ஆவணி இரண்டு மாதமும் இங்கிலாந்தில் மகள் வீட்டில் நின்றேன். சிப்பன்ஹாம் என்ற பட்டணம். அங்கே கண்ட ஒரு கல்லைப் பற்றியும், இங்கே நான் புதைத்த ஒரு கல்லைப் பற்றியும்தான் இந்தக் கடிதம்.

சிப்பன்ஹாமிலிருந்து தெற்கே மூன்று மைல் போனால் லேகொக் என்றொரு கிராமம். "மாமா, பழைய ஊர் ஒண்டு காட்டுறன்" என்று மருமகன் கூட்டிப்போனார். சதுரம் போல நாலு தெரு, அவ்வளவுதான் ஊர். பெரும்பாலான வீடுகள் 18ஆம் நூற்றாண்டு அல்லது அதற்கும் முந்தியவை. மற்றவர்கள் வீட்டைப் பார்க்க, பழக்கதோஷத்தில் நான் வீதியைப் பார்த்தேன். தலைக்கு மேலே மின்கம்பி இல்லை. கூரையில் அன்டெனா இல்லை. ஓரத்தில் மஞ்சள் கோடும் இல்லை. 1232இல் தொடங்கிய கன்னியர் மடம் ஒன்று பக்கத்திலேயே நிற்கிறது. பிற்காலத்தில் அது டால்பட் என்பவரின் வீடாகி, அதன் யன்னல் ஒன்றை அவர் 1835இல் எடுத்த புகைப்பட நெகற்றிவ்தான் உலகத்தில் இன்று மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையதாம். 1944இல் அந்தக் குடும்பத்து மட்டில்டா டால்பட் அம்மையார் மடத்தையும் ஊரையும் சேர்த்தே நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார். ஆட்கள் இன்றைக்கும் அந்த வீடுகளில் வாடகைக்கு இருக்கிறார்கள்.

என்னை மறித்து வைத்தவை சின்னச் சாமான்கள். 14ஆம் நூற்றாண்டுக் களஞ்சியம் ஒன்று. மடத்துக் காணி செய்தவர்கள் குத்தகையாக அளந்த தானியமும் தோலும் ஆட்டு உரோமமும் அங்கேதான் குவிந்தன. அதோடு ஒட்டினாற்போல, குவிந்த கூரையோடு கல்லால் கட்டிய ஒரு சின்ன அறை. யன்னல் கிடையாது. அதனால் 'குருட்டு வீடு' என்று பெயர். குடித்துவிட்டுச் சண்டித்தனம் செய்தவனை விடியும்வரை அதற்குள் தள்ளிப் பூட்டுவார்களாம். (எங்கள் பக்கத்திலும் ஒன்று கட்டலாம், காலியாகக் கிடக்காது.)

அப்புறம் ஒருநாள் ஏ4 வீதியால் போனோம். அங்கேயும் ஏ4, இங்கேயும் ஏ4. அவர்களுடையது லண்டனிலிருந்து பாத் நகரப் பக்கம் போவது, எங்களுடையது கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பொத்துவில் வழியாக மட்டக்களப்புக்கு வருவது. புல்லுக்குள் ஒரு மைல் கல் நிற்பதைக் கண்டதும் நிறுத்தச் சொன்னேன். பின்னால் லொறி வந்ததால் மருமகனால் நிறுத்த முடியவில்லை. திரும்பி வரும்போது நிறுத்தினார். எழுத்தைக் கையால் தடவிப் பார்த்தேன்.

சுங்கம் அறவிட்ட வீதிகளில் மைல் கல் கட்டாயம் நடவேண்டும் என்று 1767இலேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. அந்தக் காலத்துக் கற்களையும் பின்னால் வந்தவற்றையும் சேர்த்து ஏறத்தாழ 9,000 இன்னும் நிற்கின்றன. அதில் ஏராளமானவை அரசாங்கத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. கோட்டையும் தேவாலயமும் மட்டுமல்ல, மைல் கல், சிவப்பு டெலிபோன் பெட்டி, குதிரைக்குத் தண்ணீர் வைத்த தொட்டி எல்லாம் அதே பட்டியலில். இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ 4 இலட்சம் பதிவுகள். பட்டியலில் ஏறினால் உடைமை மாறாது. வீட்டுக்காரர் வீட்டுக்காரர்தான், அனுமதி கேட்காமல் இடிக்கவோ மாற்றவோ கூடாது, அவ்வளவே. இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் 'தொல்பொருள்' என்ற சொல்லைக் கேட்டாலே காணி போகப் போகிறது என்று சனத்துக்கு வயிறு கலங்கும். அந்தப் பயம் சும்மா வந்ததல்ல.

ஆனால் நான் வெட்கப்பட்டது வேறு ஒன்றைக் கேட்டு. 1940இல் ஜெர்மன்காரன் வந்து இறங்கினால் வழி தெரியக்கூடாது என்று வழிகாட்டிப் பலகைகளைக் கழற்றினார்கள், மைல் கற்களைப் புதைத்தார்கள். சண்டை முடிந்தபின் பல கற்களைத் தோண்டி எடுத்துப் பழையபடி நட்டார்கள். இங்கே சண்டைக் காலம் முழுக்க நின்ற கட்டையை, சண்டை முடிந்த பிறகு நாங்கள் புதைத்தோம்.

நாங்கள் என்றால், நானும்தான். 2011 வெள்ளத்துக்குப் பிறகு, பட்டிருப்புப் பாலத்துக்கு அப்பால் படுவான்கரையில் ஒரு உள்வீதியை உயர்த்தித் தார்க் கார்ப்பெட் போட்டோம். ஓரத்தில் வெள்ளைக்காரன் காலத்து மைல் கட்டை ஒன்று, இடுப்பளவு உயரம். பெக்கோ இயந்திரம் ஓட்டிய பொடியன் "சேர், இதை என்ன செய்யிற?" என்று கேட்டான். எஸ்டிமேட் என்ற செலவுக் கணக்கில் அந்தக் கல்லைப் பற்றி ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. அதில் எழுதாத வேலைக்குக் காசு இல்லை. "போட்டு மூடு" என்றேன். இரண்டு லோட் கிரவல், முடிந்தது. பிற்பாடு அந்த வழியால் விறகு சுமந்து வந்த கிழவி ஒருத்தி நின்று, "கட்டைய எங்க மனே போட்டீங்க? நான் சுமை இறக்கிற கல்லெல்லா அது" என்று கேட்டா. நாலாம் கட்டை, ஆறாம் கட்டை என்று இடத்துக்கே பேர் வைத்த நாட்டில், அவவுக்குச் சொல்ல என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

1940ஆம் ஆண்டின் எங்கள் தொல்பொருள் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய சின்னங்களைத்தான் தானாகக் காக்கும். ஆகவே புளியந்தீவுக் கோட்டைக்குக் கவலை இல்லை. அதற்குப் பிந்தியது எதுவானாலும் அரசாங்க வர்த்தமானியில் தனியாக அறிவிக்க வேண்டும். ஒரு மைல் கட்டைக்கு யார் வர்த்தமானி அடிப்பார்கள்?

அதனால் நான் கேட்பது சட்டமல்ல, எஸ்டிமேட்டில் ஒரு வரி. 'வீதியோரத்துப் பழைய கல்லைச் சேதமில்லாமல் எடுத்து, புதிய மட்டத்தில் அதே இடத்தில் நடுதல்' என்று எழுதி, ஒரு தொகை போட்டுவிட்டால் கொந்திராத்துக்காரர் தானாகச் செய்வார். காசு இருக்கிற வரியை எந்தக் கொந்திராத்துக்காரரும் விடமாட்டார், முப்பது வருடம் பார்த்தவன் சொல்கிறேன். வேலை தொடங்குமுன் பிரதேச சபை அந்தந்த ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வீதியை ஒருதரம் நடந்து, கட்டை, பழைய தபால் பெட்டி, தண்ணீர் மடம், கல் மதகு எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் குறித்தால் போதும். அங்கே பாவனையற்ற டெலிபோன் பெட்டியை ஊர்ச்சபை ஒரு பவுணுக்கு வாங்கி உள்ளே புத்தகம் அடுக்கி வைத்திருக்கிறது. அந்த அளவுக்கு இப்போதைக்கு நான் ஆசைப்படவில்லை.

நான் மூடிய கட்டை, அந்த உள்வீதியின் மதகின் வடக்கு முனையிலிருந்து பதினொரு அடியில், இடது கைப் பக்கம் இருக்கிறது. கார்ப்பெட்டுக்குக் கீழே அல்ல, ஓரத்துக் கிரவலுக்குள். மண்வெட்டியோடு இரண்டு பேர் வந்தால் அரை நாள் வேலை. மாரி தொடங்குமுன் சபையில் இருந்து யாராவது வந்தால் இடத்தைக் காட்டித் தருகிறேன்.

ஓய்வுபெற்ற ஓவசியர்,
களுதாவளை.